காங்கோவின் கனிமங்கள்: சண்டை எதற்காக, சுரங்கத்துக்கா, அதைத் தாண்டிய வழிக்கா?

வரப்போரம் (இழையைத் தொடங்கியவர்)

நண்பர்களே, 2025 டிசம்பர் 4 அன்று வாஷிங்டனில் காங்கோ அதிபர் ஃபெலிக்ஸ் சிசெகெடியும் ருவாண்டா அதிபர் பால் ககாமேயும் டிரம்ப் முன்னிலையில் சமாதான உடன்படிக்கையில் கையெழுத்திட்டார்கள். அதே நாளில் காங்கோவும் அமெரிக்காவும் கனிமங்களை முன்வைத்துத் தனியாக ஒரு கூட்டாண்மை ஒப்பந்தம் போட்டன. சமாதானத்துக்கு ஒரு தாள், கனிமத்துக்கு ஒரு தாள். இதைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. அதனால்தான் இந்த இழை.

காங்கோவின் கதை எப்போதும் இப்படித்தான் நடந்திருக்கிறது. 1885 முதல் 1908 வரை அந்த நாடு முழுவதும் பெல்ஜிய மன்னர் லியோபோல்டின் சொந்தச் சொத்து. அப்போது ரப்பர். பிறகு தெற்கே கட்டாங்கா மாகாணத்தின் செம்பு. இரண்டாம் உலகப் போர் வந்ததும் யுரேனியம். ஷிங்கோலோப்வே சுரங்கத்துத் தாதுவில் சுமார் 65 சதவீதம் யுரேனியம் ஆக்சைடு இருந்தது. மற்ற இடங்களில் ஒரு சதவீதத்துக்கும் கீழே கிடைத்தாலே வெட்டுவார்கள். 1940-லேயே அந்தத் தாதுவில் ஆயிரம் டன்னுக்கு மேல் நியூயார்க்கின் ஸ்டேட்டன் தீவுக் கிடங்கில் போய் இறங்கிவிட்டது. ஹிரோஷிமாவில் விழுந்த குண்டின் யுரேனியத்தில் பெரும்பகுதி காங்கோ மண். அதை வெட்டிய காங்கோக்காரருக்குத் தான் எதைச் சுமக்கிறோம் என்றே தெரியாது.

1960 ஜூன் 30-இல் சுதந்திரம். பதினோராவது நாளே கட்டாங்கா தனி நாடு என்று பிரிந்தது. பின்னால் பெல்ஜியமும் சுரங்கக் கம்பெனியும் நின்றன. 1961 ஜனவரி 17-இல் பிரதமர் லுமும்பாவை அதே கட்டாங்காவுக்குக் கொண்டுபோய்ச் சுட்டுக் கொன்றார்கள். உடலை அமிலத்தில் கரைத்தார்கள். மிஞ்சியது ஒரு பல். அதை பெல்ஜியம் குடும்பத்திடம் திருப்பிக் கொடுத்தது 2022 ஜூனில்.

நான் சொல்ல வருவது இதுதான். ஒவ்வொரு முறையும் காங்கோவிடம் மிஞ்சுவது குழி மட்டும். தாது வெளியே போகும் வழி, அதை உருக்கிச் சுத்திகரிக்கும் இடம், விலை சொல்லும் இடம், எல்லாம் வேறு யார் கையிலோ இருக்கிறது. வல்லரசுகள் உண்மையில் போட்டி போடுவது இந்த மூன்றுக்கும்தான். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

---

நெடுவழி

நல்ல தொடக்கம். ஆனால் இன்றைய நிலைமையில் ஒரே ஒரு பெயரைச் சொல்லித்தான் ஆக வேண்டும்: சீனா. உலகத்தில் வெட்டியெடுக்கும் கோபால்ட்டில் 70 சதவீதத்துக்கு மேல் காங்கோவிலிருந்து வருகிறது. அங்கே உள்ள பெரிய சுரங்கங்களில் பெரும்பாலானவை சீனக் கம்பெனிகளிடம் இருக்கின்றன. சுத்திகரிப்பும் பெரும்பாலும் சீனாவில்தான். பேட்டரி கார் ஓடும் ஒவ்வொரு நாடும் அவர்களை நம்பித்தான் இருக்கிறது. போர் நடக்கும் நாட்டில் இப்படி வளைத்துப்போட்டால் அதற்குப் பெயர் சுரண்டல்தானே? அமெரிக்கா இப்போதுதான் விழித்துக்கொண்டிருக்கிறது.

---

செங்காந்தள்

நெடுவழி, ஒரு திருத்தம். முக்கியமானது என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கோபால்ட் வெட்டும் இடமும் போர் நடக்கும் இடமும் ஒன்றல்ல. கோபால்ட்டும் செம்பும் தெற்கே லுவாலாபா, மேல் கட்டாங்கா மாகாணங்களில், கோல்வெசி நகரைச் சுற்றி இருக்கின்றன. சண்டை கிழக்கே வட கிவு, தென் கிவு, இதுரி மாகாணங்களில். வட கிவுவின் தலைநகர் கோமாவுக்கும் கோல்வெசிக்கும் நடுவே நேர்க்கோட்டிலேயே ஆயிரம் கிலோமீட்டர். கிழக்கே கிடைப்பது கோல்டான் (டான்டலம் என்ற உலோகத்தின் தாது), வெள்ளீயத் தாது, டங்ஸ்டன், தங்கம். "உங்கள் கார் பேட்டரிக்காக கோமாவில் குண்டு விழுகிறது" என்று பலர் எழுதுகிறார்கள். அது தவறு. தெற்கே நடப்பது வேறு கொடுமை: காட்டமான பேரங்கள், குழந்தை உழைப்பு, வீட்டுத் தரையையே தோண்டும் வறுமை. கோல்வெசியில் கசுலோ என்று ஒரு குடியிருப்பு உண்டு. 2014-இல் ஒருவர் தன் மனையைத் தோண்டும்போது கறுப்பாக கோபால்ட் தாது கிடைத்தது. அப்புறம் அந்தப் பேட்டையே வீட்டுக்குள் குழி வெட்ட ஆரம்பித்துவிட்டது. படுக்கையறைக்குள் இறங்கினால் சுரங்கம்.

இன்னொன்று. சீனா வளைத்துப்போட்டது என்கிறீர்கள். டென்கே ஃபுங்குருமே என்ற மிகப்பெரிய செம்பு, கோபால்ட் சுரங்கம் 2016 வரை அமெரிக்கக் கம்பெனியான ஃப்ரீபோர்ட்டிடம்தான் இருந்தது. எண்ணெய்த் தொழிலில் இறங்கிக் கடனில் மாட்டிக்கொண்டு, 265 கோடி டாலருக்கு தன் பங்கை சைனா மாலிப்டினம் கம்பெனியிடம் விற்றது அவர்களேதான். அன்று வாஷிங்டனில் யாரும் பெரிதாகத் தடுக்கவில்லை.

---

நெடுவழி

திருத்தத்தை ஏற்கிறேன். இரண்டு பகுதிகளையும் போட்டுக் குழப்பிவிட்டேன். ஆனால் காங்கோவும் சீனக் கம்பெனிகளும் சேர்ந்து செய்த 2008 சிகோமின் சுரங்க ஒப்பந்தம்? அதை யாரும் நியாயப்படுத்த முடியாது.

---

செங்காந்தள்

நியாயப்படுத்தவில்லை. சுருக்கம் இதுதான்: கூட்டுச் சுரங்கக் கம்பெனியில் சீனக் கம்பெனிகளுக்கு 68 சதவீதம், காங்கோ அரசுக் கம்பெனிக்கு 32 சதவீதம். பதிலுக்குச் சாலை, மருத்துவமனை என 300 கோடி டாலர் வேலை. 2023-இல் காங்கோவின் நிதித் தணிக்கை அமைப்பு கணக்குப் பார்த்தபோது அதுவரை செலவானது 82 கோடி 20 லட்சம்தான். பதினைந்து வருடத்தில்! பிறகு 2024 மார்ச்சில் மறுபேரம் பேசி உள்கட்டமைப்புத் தொகையை 700 கோடியாக உயர்த்தினார்கள். அந்த மறுபேரத்தைக் காங்கோ தானே செய்தது என்பதை மறக்க வேண்டாம்.

---

மின்வினைஞர்

நான் மின்னணுப் பலகைகளைப் பழுதுபார்ப்பவன். கோல்டான் கோல்டான் என்கிறோம், அது எங்கே போய்ச் சேருகிறது என்று நான் தினமும் பார்க்கிறேன். பலகையைப் பெரிதாக்கிக் காட்டும் கண்ணாடிக்குக் கீழே வைத்தால், மஞ்சளாகவோ கறுப்பாகவோ அரிசி அளவில் ஒரு சின்னச் செங்கல் தெரியும். ஒரு ஓரத்தில் கோடு போட்டிருக்கும். அதுதான் டான்டலம் கெப்பாசிட்டர். மற்ற பல வகைக் கெப்பாசிட்டர்களில் கோடு எதிர்முனையைக் காட்டும்; இதில் நேர்முனையை. புதிதாக வருகிறவர்கள் இதில்தான் ஏமாறுவார்கள். முனை மாற்றிப் பற்றாசு வைத்து மின்சாரம் கொடுத்தால் பட்டென்று வெடித்துத் தீப்பிடிக்கலாம்.

சின்ன இடத்தில் நிறைய மின்னூட்டத்தைத் தாங்கும், வெப்பத்துக்கு அசையாது, வருடக்கணக்கில் உழைக்கும். அதனால்தான் விமானத்திலும் ஏவுகணையிலும்கூட இதை வைக்கிறார்கள். ஒரு பலகையில் உள்ள டான்டலத்தை எடைபோட்டால் மில்லிகிராம் கணக்குதான் வரும். அதற்குள் ஒரு மலை இருக்கிறது என்று எனக்கு இந்த இழையைப் படிக்கும் வரை தோன்றியதில்லை.

---

இளவேனில்

மின்வினைஞர் அண்ணா, அந்த மலை எது என்று யாராவது சொல்ல முடியுமா? நான் கல்லூரி மாணவி. இப்போதுதான் படிக்க ஆரம்பித்திருக்கிறேன்.

---

வரப்போரம்

ருபாயா தங்கச்சி. வட கிவுவில் மசிசி வட்டாரத்தில் இருக்கிறது. உலக டான்டலத்தில் ஏறக்குறைய 15 சதவீதம் அந்த ஒரு மலைப்பகுதியிலிருந்து வருகிறது. இயந்திரம் கிடையாது. மண்வெட்டி, கடப்பாரை, கை. வெட்டுகிறவர்களை அங்கே பிரெஞ்சுச் சொல்லால் "க்ரூஸேர்" என்பார்கள். மண்ணை நீரோட்டத்தில் அலசுவார்கள். கோல்டான் கனமானது, இலேசான மண் ஓடிவிடும், கறுப்பு மணல் அடியில் தங்கும். அதை மூட்டையில் கட்டித் தலைச்சுமையாக இறக்கி, "நெகோசியான்" என்னும் இடைத்தரகரிடம் விற்பார்கள். அவர் நகரத்து ஏற்றுமதிக் கடைக்கு விற்பார்.

2024 ஏப்ரலில், ருவாண்டா பின்னால் நிற்பதாக ஐ.நா. சொல்லும் எம்23 என்ற ஆயுதக் குழு ருபாயாவைப் பிடித்தது. கோல்டான் வரியாக மட்டும் மாதம் சுமார் 8 லட்சம் டாலர் அவர்களுக்கு வருகிறது என்று ஐ.நா. நிபுணர் குழு எழுதியது. தாது எல்லை தாண்டி ருவாண்டாவுக்குப் போய், அங்கே உள்ளூர்த் தாதுவோடு கலந்து, ருவாண்டாச் சரக்காக உலகச் சந்தைக்கு வருகிறது என்றும் எழுதியது. 2025 ஜனவரி இறுதியில் அதே குழு கோமாவைப் பிடித்தது, பிப்ரவரியில் தென் கிவுவின் தலைநகர் புகாவுவை.

---

படைவீட்டான்

நான் ஐ.நா. அமைதிப் படையில் இந்தியப் பிரிவோடு வட கிவுவில் இருந்தவன். 2008, 2009 காலம். இதுவரை எந்தத் தளத்திலும் இதைப் பற்றி எழுதியதில்லை.

கோமா முழுவதும் கறுப்பு. 2002 ஜனவரியில் நியிரகோங்கோ எரிமலை வெடித்து நகரத்துக்குள்ளேயே குழம்பு ஓடியது. ஆறிய அந்தக் கல்லிலேயே மதில், வீடு எல்லாம் கட்டியிருப்பார்கள். தெருவில் சுகுடு என்று மரத்தில் செய்த இரண்டு சக்கர வண்டி, மிதிக்கட்டை கிடையாது. மூட்டைகளை அடுக்கிவிட்டு ஒரு காலை முட்டி போட்டு வைத்து இன்னொரு காலால் தள்ளிக்கொண்டு போவார்கள். நகரம் முடிகிற இடத்திலேயே ருவாண்டா எல்லை. சின்ன கேட், பெரிய கேட் என்று இரண்டு. காலையில் சின்ன கேட்டில் ஆயிரக்கணக்கான பெண்கள் தக்காளியும் மாவும் தலையில் வைத்துக்கொண்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போவார்கள்.

நான் சொல்ல வந்தது வட கிவுவின் வாலிகாலே வட்டாரம் பற்றி. அங்கே பிஸியே என்ற மலையில் வெள்ளீயத் தாது. மலையிலிருந்து தார்ச்சாலைக்குக் காட்டு வழியே இரண்டு நாள் நடை. ஆளுக்கு 50 கிலோ மூட்டை முதுகில், நெற்றியில் பட்டை. சாலைக்கு வந்த பிறகு? லாரி இல்லை. சாலையே விமான ஓடுதளம்! கிலாம்போ என்ற இடத்தில் பழைய ரஷ்ய விமானங்கள் தார்ச்சாலையில் இறங்கும். போகிற சைக்கிளை எல்லாம் ஓரம் கட்டுவார்கள், விமானம் இறங்கும், மூட்டை ஏறும், கோமாவுக்குப் பறக்கும். விமானம் ஏறிப் போகும் சத்தம் அடங்கியதும் சைக்கிள்கள் மறுபடி சாலைக்கு வரும்.

அந்த மலையைக் காவல் காத்தது கலகக்காரர்கள் இல்லை. காங்கோ அரசு ராணுவத்தின் 85-வது பிரிகேட் என்று பெயர் வைத்துக்கொண்ட படைதான். ஒவ்வொரு மூட்டைக்கும் அவர்கள் பங்கு எடுத்துக்கொண்டார்கள். வெளிநாட்டானை மட்டும் திட்டிக்கொண்டிருந்தால் பாதிக் கதை விட்டுப்போகும். சுமந்தவன் முதுகில் இருந்த தழும்பை நான் கண்ணால் பார்த்தவன்.

---

இளவேனில்

ஐயா, நீங்கள் எழுதியதைப் படித்து வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். நன்றி.

ஒரு கேள்வி. இந்தத் தாதுவை யாரும் வாங்க மாட்டோம் என்று உலகம் முடிவெடுத்தால் சண்டை நின்றுவிடாதா?

---

செங்காந்தள்

அதைச் செய்து பார்த்துவிட்டார்கள் இளவேனில். 2010 ஜூலையில் அமெரிக்காவின் டாட்-ஃப்ராங்க் சட்டம் வந்தது. அதில் 1502-வது பிரிவு: வெள்ளீயம், டான்டலம், டங்ஸ்டன், தங்கம் ஆகியவற்றைப் பயன்படுத்தும் கம்பெனிகள் அவை காங்கோவிலிருந்தோ அண்டை நாடுகளிலிருந்தோ வந்தவையா என்று தெரிவிக்க வேண்டும். காங்கோவில் அதை மக்கள் "ஒபாமா சட்டம்" என்றே கூப்பிட்டார்கள். அதே வருடம் செப்டம்பரில் அதிபர் ஜோசப் கபிலா கிழக்கே கைச்சுரங்க வேலைக்குத் தடை போட்டார். 2011 மார்ச் வரை நீடித்தது. வாங்குபவர்கள் "எதற்கு வம்பு" என்று ஒதுங்கிவிட்டார்கள்.

வயிற்றில் அடி வாங்கியது க்ரூஸேர்தான். பிள்ளையின் பள்ளிக் கட்டணமும் மருத்துவச் செலவும் அந்தக் குழியிலிருந்து வந்தவை. ஆயுதக் குழுக்கள் தங்கத்துக்கு மாறிக்கொண்டன. கோல்டானுக்கு மூட்டை வேண்டும், ஆள் வேண்டும், வழி வேண்டும். தங்கத்துக்கு ஒரு சட்டைப்பை போதும். உகாண்டாவின் கம்பாலா வழியாகவோ ருவாண்டாவின் கிகாலி வழியாகவோ துபாய்க்குப் போய்விட்டால் அது எந்த ஊர்த் தங்கம் என்று யார் கேட்பது?

பிறகு மூட்டைகளுக்கு எண் போட்ட பிளாஸ்டிக் முத்திரை மாட்டும் முறை வந்தது. நல்ல எண்ணத்தில் வந்ததுதான். ஆனால் முத்திரை மூட்டையின் வாயில் தொங்குகிறதே தவிர மண்ணோடு ஒட்டியிருக்கவில்லை. எங்கே வெட்டிய தாதுவுக்கும் எங்கேயோ வாங்கிய முத்திரையை மாட்டிவிடலாம்.

---

தாழம்பூ

எல்லோரும் கனிமத்தையே பேசுகிறீர்கள். எனக்கு இதில் ஒரு நெருடல். கிழக்கு காங்கோவின் சண்டை கனிமத்தால் பிறந்ததில்லை. நிலமும் குடியுரிமையும்தான் வேர். ருவாண்டா மொழி பேசும் மக்கள் தலைமுறை தலைமுறையாக அங்கே வாழ்கிறார்கள். 1981-இல் சர்வாதிகாரி மொபுட்டுவின் ஆட்சி ஒரு சட்டம் போட்டு அவர்களில் பெரும்பாலோரின் குடியுரிமையைக் கேள்விக்குறியாக்கியது. 1994-இல் ருவாண்டா இனப்படுகொலை. அதன் பிறகு பத்து லட்சத்துக்கும் மேல் அகதிகள் கிழக்கு காங்கோவுக்குள் வந்தார்கள். கொன்றவர்களும் அவர்களுக்குள் கலந்து வந்தார்கள். ருவாண்டா படை அவர்களைத் துரத்திக்கொண்டு 1996-இல் உள்ளே நுழைந்தது. அந்த பயம் பொய்யில்லை. பிறந்த மண்ணிலேயே "நீ அந்நியன்" என்று சொல்லப்படுவதன் வலி தெரிந்தவர்கள் இதை எளிதில் தள்ளிவிட மாட்டார்கள்.

---

வரப்போரம்

தாழம்பூ, நீங்கள் சொல்வது சரி, நான் இதை முதல் பதிவிலேயே எழுதியிருக்க வேண்டும். ஆனால் பயத்தோடு நுழைந்தவர்கள் லாபத்தோடு தங்கிவிட்டார்கள் என்பதும் பதிவாகியிருக்கிறது. 1997 மே மாதம் ருவாண்டா துணைநின்ற கலகப் படையிடம் தலைநகர் கின்ஷாசா விழுந்தது. அதற்கு முந்தைய மாதமே, ஜோசப் கபிலாவின் அப்பா லாரன்ட் கபிலா நடத்திய அந்தக் கலகப் படையோடு ஒரு வெளிநாட்டுச் சுரங்கக் கம்பெனி ஒப்பந்தம் போட்டுவிட்டது. ஆட்சிக்கு வராதவனிடம் கையெழுத்து வாங்கினார்கள்!

2000 ஜூனில் கிசங்கானியில் நடந்ததைப் பாருங்கள். ருவாண்டாவும் உகாண்டாவும் ஒரே பக்கத்தில் நின்று உள்ளே வந்த கூட்டாளிகள். அந்த வைர வியாபார நகரத்தில் ஒருவர்மேல் ஒருவர் ஆறு நாள் பீரங்கி அடித்துக்கொண்டார்கள். செத்தது ஊர் மக்கள். எல்லைப் பாதுகாப்புக்காக வந்தவர்களுக்கு, எல்லையிலிருந்து அவ்வளவு தூரம் உள்ளே இருக்கும் நகரத்தில் என்ன சண்டை?

---

தாழம்பூ

மறுக்கவில்லை. இதற்குத் தீர்ப்பே இருக்கிறது. சர்வதேச நீதிமன்றம் 2005-இல் உகாண்டா பொறுப்பு என்றது. 2022 பிப்ரவரியில் 32 கோடி 50 லட்சம் டாலர் இழப்பீடு விதித்தது. அதில் இயற்கை வளக் கொள்ளைக்கு மட்டும் 6 கோடி. ருவாண்டாமேல் போட்ட வழக்கு 2006-இல் அதிகார வரம்பு இல்லை என்று நின்றுபோனது. கனிமம் நெருப்பை மூட்டவில்லை, அணையவிடாமல் வைத்திருக்கிறது என்பேன். அவ்வளவு வித்தியாசம்தான் நமக்குள்.

---

நெடுவழி

வரப்போரம் முதலில் சொன்ன "வழி" பற்றி இன்னும் யாரும் பேசவில்லையே? தெற்குக் காங்கோவின் செம்புக்குக் கடல் வேண்டும். மேற்கே அங்கோலாவின் லோபிட்டோ துறைமுகம். காங்கோ எல்லை வரை சுமார் 1,300 கிலோமீட்டர் ரயில் பாதை. அதைச் சீர்செய்ய அமெரிக்க அரசு நிதி நிறுவனம் 55 கோடி 30 லட்சம் டாலர் கடன் ஒதுக்கியது. 2024 டிசம்பரில் பைடனே அங்கோலா போய்வந்தார். கிழக்கே சாம்பியாவிலிருந்து தான்சானியாவின் தார் எஸ் சலாம் வரை 1,860 கிலோமீட்டர் தாசாரா ரயில். 1970-களில் சீனா கட்டியது, இப்போது புதுப்பிக்க வருவதும் சீனாதான். ஒரே தாதுவுக்கு இரண்டு வல்லரசு, இரண்டு தண்டவாளம், இரண்டு கடல். முதல் பதிவில் நான் ஒரே பெயரைச் சொன்னதை இப்போது மாற்றிக்கொள்கிறேன்.

---

மின்வினைஞர்

அப்போது விலை? காங்கோவிடம்தான் உலகத்துக் கோபால்ட்டில் முக்கால்வாசி இருக்கிறதே, அவர்களே விலையைச் சொல்ல முடியாதா?

---

செங்காந்தள்

முதல் முறையாகச் சொல்லிப் பார்த்திருக்கிறார்கள். 2025 பிப்ரவரியில் கோபால்ட் விலை அதலபாதாளத்தில் கிடந்தது. சந்தையில் தேவைக்கு மேல் சரக்கு. காங்கோ ஏற்றுமதியை நான்கு மாதம் நிறுத்தியது, பிறகு நீட்டித்தது. அக்டோபர் 16 முதல் ஒதுக்கீட்டு முறை: அந்த வருடத்தில் மிச்சமிருந்த காலத்துக்கு 18,125 டன், 2026-க்கும் 2027-க்கும் வருடத்துக்கு 96,600 டன். விலை இருமடங்குக்கு மேல் ஏறியது. நூற்று நாற்பது வருடத்தில் இந்த மண்ணின் அரசு "இவ்வளவுதான் தருவேன்" என்று சொல்லி, உலகம் கேட்டுக்கொண்டது இதுவே முதல் தடவையாக இருக்கும். இதைப் படித்தபோது எனக்குக் கண் கலங்கியது, உண்மையிலேயே.

ஆனால் இது நடந்தது தெற்கே. அங்கே அரசின் கை எட்டுகிறது. ருபாயாவில் எட்டவில்லை.

---

இளவேனில்

வாஷிங்டன் உடன்படிக்கைக்குப் பிறகு ருபாயாவில் என்ன மாறியது?

---

படைவீட்டான்

டிசம்பர் 4 அன்று கையெழுத்து. ஒரு வாரத்துக்குள் எம்23 தெற்கே இறங்கி உவிராவுக்குள் நுழைந்தது. டாங்கனிகா ஏரிக்கரை ஊர். அங்கிருந்து புருண்டி எல்லை கூப்பிடு தூரம். மக்கள் பாயும் பாத்திரமுமாக எல்லை தாண்டி ஓடினார்கள்.

ருபாயாவில் சலோங்கோ என்று ஒரு வழக்கம் உண்டு. வாரத்தில் ஒரு நாள் கூலியில்லாமல் ஊர் வேலை செய்ய வேண்டும். மொபுட்டு காலத்துச் சொல். எம்23 பிடித்த பிறகு அதைச் சுரங்கச் சாலையை அகலப்படுத்தப் பயன்படுத்தினார்கள் என்று ஐ.நா. அறிக்கையில் படித்தேன். லாரி போக வேண்டும் அல்லவா? நான் இருந்த காலத்தில் முதுகில் போனது இப்போது சக்கரத்தில் போகிறது. பாதையை வெட்டியவர்கள் அதே க்ரூஸேர்கள்தான்.